பாதிதான் நான் சொல்லுவேன்

கேன் மேல கால் பட்டா பரவாயில்லை, எடுக்க வேண்டாம் தம்பி. அட, கண்ணுல எல்லாம் ஒத்திக்காதீங்க. மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, கழுத்துல மாலை போட்டிருக்கறதைப் பாத்துட்டு ஏதோ கோயில் தீர்த்தம்னு நெனச்சுட்டீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. மாட்டுத்தாவணியில இதைத் தூக்கிக்கிட்டு ஏறுனப்போ கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கூடப் போடலை, செருப்புக் காலைத் தள்ளி வச்சு வழி விட்டாரு. இது சும்மா கேன் தண்ணி. எங்க தெருமுக்குக் கடையில வாங்குனது. இருபது லிட்டர்.

மெதுவாத்தான் சொல்லணும். முன் சீட்டுல பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே அந்தம்மா, அது தாதனூர்க்காரம்மாவா இருந்தாலும் இருக்கும். நான் அந்த ஊருக்குத்தான் போறேன். நத்தம் தாண்டி முக்கால் மணி நேரம். இந்தக் கேன் விஷயம் மட்டும் அந்த ஊர்க்காரங்க காதுல விழுந்துறக் கூடாது.

உங்ககிட்ட இருக்கறதும் கேன்தானா? காலியா இருக்கு. சரி சரி, ரெண்டையும் இப்படி ஓரமா சாச்சு வைங்க, பிரேக் போட்டா உருளாது.

ஒண்ணு நல்லா கவனிச்சுக்குங்க. தீர்த்தம்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. யாரும் கேக்கவும் இல்லை. மஞ்சள் பூசுனேன், மாலை போட்டேன், அவ்வளவுதான் என் வேலை. மீதியை நீங்களா சொல்லிக்கிட்டீங்க. இதுல பொய் எங்க இருக்கு? இருபத்தெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஒரு பொய் சொன்னதில்லை. கோர்ட்டுல நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

என்ன தொழிலா? மக்கள் தொடர்பு. ஞானசிகாமணின்னா மதுரை வட்டாரத்துல பாதிக் கம்பெனிக்குத் தெரியும். மீதிக் கம்பெனிக்கு இன்னும் பிரச்சினை வரலை.

உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு பள்ளிக்கூடம், பேரு வேண்டாம். பத்தாம் வகுப்புல பாதிப் பிள்ளைங்க ஃபெயிலு. தாளாளர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாரு. நான் வாசல்ல பெரிய பிளக்ஸ் வைக்கச் சொன்னேன். 'எங்கள் பள்ளியில் நூற்றுக்கு நூறு மாணவர்கள் தேர்வு எழுதினர்.' அந்த 'நூற்றுக்கு நூறு' மட்டும் ஆளுயரத்துக்கு. ஒருத்தன் விடாம எழுதுனான் தம்பி, அது சத்தியமான உண்மை. அந்த வருஷம் அட்மிஷனுக்கு ஜனம் வாசலைத் தாண்டி நின்னுச்சு. இன்னொண்ணு ஒரு பஸ் கம்பெனி, எந்த ஊருக்கும் நேரத்துக்குப் போகாது. 'அவசரப்படும் ஓட்டுநர் எங்களிடம் இல்லை'ன்னு பின் கண்ணாடியில எழுதச் சொன்னேன். அன்னையிலேருந்து வயசானவங்க எல்லாம் அந்த பஸ்ஸைத் தேடி ஏற ஆரம்பிச்சுட்டாங்க.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா இது கலை. பாதியை நான் சொல்லணும், மீதியை அவங்க சொல்லணும். நான் சொன்னதை அவங்க மறந்துருவாங்க, அவங்களாச் சொன்னதை சாகுற வரைக்கும் மறக்க மாட்டாங்க. இதைப் புதுசா தொழிலுக்கு வர்றவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கறதில்லை, உங்களுக்குச் சும்மா சொல்றேன்.

இப்ப தாதனூருக்கு வர்றேன். ஊருக்கு மேற்கால ஒரு சாயப்பொடிக் கம்பெனி. பேரு சொல்ல மாட்டேன், தொழில் தர்மம். கம்பெனி வந்து மூணாம் வருஷம் ஊர்க் கிணத்துத் தண்ணி கலர் மாறிப்போச்சு. பழைய டிகாஷன்ல தண்ணியை ஊத்தி வச்ச மாதிரி. பொம்பளைங்க எல்லாம் குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்து, ஊருக்குத் திரும்புற விலக்கு ரோட்டுல உக்காந்துட்டாங்க. பஸ் போகலை. முன்னாடி நின்னு பேசுனது பஞ்சாயத்துத் தலைவர் சோலைமலை. மீசையைப் பாத்தாலே பேசப் பயமா இருக்கும். கம்பெனிக்காரங்க பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாங்க.

கம்பெனி கார் குடுத்துச்சு. நான் வேண்டாம்னுட்டு பஸ்ஸுல போய் இறங்குனேன். ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கிக்கிட்டு அந்தப் பொம்பளைங்களுக்கு நடுவுல ரோட்டுலயே உக்காந்துட்டேன். யாருய்யா நீன்னாரு தலைவரு. நானும் இந்தத் தண்ணியைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்னேன். பொய்யா? யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் பக்கத்துல இருந்த ஒரு அம்மாகிட்டக் கேட்டேன்.

"ஏக்கா, ஆஸ்பத்திரியில முழுகாம இருக்கற பொண்ணுங்களுக்கு ஒரு மாத்திரை தர்றாங்களே, அது என்ன கலரு?"

"செவப்பு."

"எதுக்குத் தர்றாங்க?"

"ரத்தம் ஊறத்தான். இரும்புச் சத்து மாத்திரை."

"பீட்ரூட்டு எதுக்குச் சாப்பிடச் சொல்றாங்க? மாதுளம்பழம்? அதெல்லாம் என்ன கலரு?"

அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை பேசலை. அந்தம்மா குடத்தை ஒரு தடவை பாத்தேன். ஒரு பெருமூச்சு விட்டேன். பக்கோடாவைச் சாப்பிட்டேன். அப்புறம் கூட்டத்துல இருந்து ஒரு குரல், "அப்போ இது இரும்புத் தண்ணியா?"ன்னுச்சு. அது யாருன்னு நெனைக்கிறீங்க? தலைவர் சம்சாரம், அழகம்மாள். ஆமான்னு நான் சொல்லலை. இல்லைன்னும் சொல்லலை. "நீங்களே சொல்றீங்க"ன்னேன். அவ்வளவுதான்.

ஒரே வாரம் தம்பி. டீக்கடையில அந்தத் தண்ணியில போடுற டீக்குத் தனி மவுசு. பக்கத்து ஊர்ல இருந்து சைக்கிள்ல குடம் கட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க. அக்டோபர் ரெண்டு கிராம சபையில என்ன தீர்மானம் போட்டாங்க தெரியுமா? அரசாங்கத்துல இருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் போடப்போறதா கடுதாசி வந்திருந்துச்சு. எங்களுக்குக் குழாய்த் தண்ணி வேண்டாம், எங்க கிணத்துத் தண்ணியே சத்தானதுன்னு ஒரு மனசாத் தீர்மானம் போட்டு அனுப்பிட்டாங்க. தண்ணி வேண்டாம்னு தீர்மானம் போட்ட ஊரை நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா? குழாய் அடுத்த ஊருக்குப் போயிருச்சு. அந்தத் தீர்மானத்தோட நகலை வீட்டுல கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன்.

ஊர் நர்ஸம்மா ஒண்ணு இருந்துச்சு. அதுதான் கொஞ்சம் இடக்கு. வீடு வீடாப் போய்த் தண்ணியைக் காய்ச்சுனாலும் குடிக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது. நான் ஒண்ணும் பண்ணலை. தண்ணியிலயே சத்து இருந்தா நர்ஸம்மாவோட மாத்திரையை யாரு வாங்குவாங்கன்னு டீக்கடையில ஒரு கேள்வி கேட்டேன். பாவம், மாத்திரை இலவசமாத்தான் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. அதை ஊருக்குள்ளயே விடலை அப்புறம்.

கம்பெனியில தண்ணியைச் சோதிச்சு ஒரு ரிப்போர்ட் வச்சிருந்தாங்க. என்கிட்டக் காட்டுனாங்க. படிச்சேன். மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டேன். அதுல என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க, தொழில் தர்மம். அதுக்கப்புறம் அந்த ஊர்ல நான் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லை. அது மட்டும் சொல்றேன்.

இதெல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. இனிமேதான் என் கஷ்டம் ஆரம்பிக்குது. யார்கிட்டயும் சொல்லி அழ முடியாத கஷ்டம்.

சோலைமலைக்கு என் மேல அப்படி ஒரு மரியாதை. ஊர்ல திருவிழான்னா எனக்குத்தான் முதல் மாலை. ஒரு நாள் மாந்தோப்புல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும்போது, உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் குடுங்கன்னு கேட்டுட்டாரு. பையன் பாண்டிச்செல்வம் தங்கமான பையன், அப்போ கோயம்புத்தூர்ல வேலை. கல்யாணம் முடிஞ்சா ரெண்டு பேரும் கோயம்புத்தூர் போயிருவாங்க, அங்க சிறுவாணித் தண்ணின்னு நெனச்சுக் குடுத்தேன். செவ்வந்தி எனக்கு ஒரே பொண்ணு தம்பி.

கல்யாணம் முடிஞ்ச மறு மாசம் கம்பெனி மேல ஒரு முணுமுணுப்பு, வேலைக்கு எல்லாம் வடக்க இருந்து ஆள் எடுக்கறாங்கன்னு. உள்ளூர் இளைஞர்களுக்கு முன்னுரிமைன்னு ஒரு திட்டம் போடுங்கன்னு நான்தான் யோசனை சொன்னேன். போட்டாங்க. படம் புடிச்சுப் பத்திரிகையில போட ஒரு பையன் வேணும்ல, முதல் ஆர்டரை யாருக்குக் குடுத்தாங்க? என் மாப்பிள்ளைக்கு. அவரும் கோயம்புத்தூரைக் காலி பண்ணிட்டு வந்து சேந்துட்டாரு. அந்தப் படத்துல நானும் நிக்கிறேன், சிரிச்சுக்கிட்டு. பக்கத்துல செவ்வந்தி.

சரி, வந்துட்டாங்க. என்ன பண்றது? நானாவது சூதானமா இருப்போம்னு சம்பந்தி வீட்டுக்குப் போறப்போ எல்லாம் விரதம்னு சொல்லிருவேன். செவ்வாய், வெள்ளி, சனி, அமாவாசை, கார்த்திகை. நான் போற நாளெல்லாம் விரதம். ஒரு இளநி மட்டும் குடிப்பேன், அதுவும் நானே சீவிக் குடிப்பேன். பொண்ணு குடுத்த வீட்டுல கை நனைக்காத ஆளுன்னா வேற வீட்டுல சண்டை வந்திருக்கும். இங்க என்னை ஒரு சாமியார் மாதிரி ஆக்கிட்டாங்க. எங்க சம்பந்தி பெரிய பக்திமான்னு அழகம்மாள் ஊர் பூராச் சொல்லி வச்சிருக்காங்க. விரதம்னுதான் சொன்னேன். சாப்பிடாம இருக்கறதுக்குப் பேரு விரதம்தானே?

அப்புறம் செவ்வந்தி முழுகாம இருக்கான்னு போன் வந்துச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. எங்க வீட்டுல கோமதி சாமி படத்துக்கு விளக்கேத்துனா. அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்தான். மறுபடி அவளே கூப்பிட்டா. அத்தை காலையில வெறும் வயித்துல ரெண்டு சொம்பு கிணத்துத் தண்ணி குடிக்கச் சொல்றாங்கப்பா, உங்கப்பா வாக்குன்னு சொல்லித் தர்றாங்க, வெள்ளி டம்ளர்லதான் தர்றாங்கன்னா. பெருமையாச் சொல்றா.

எனக்கு அந்த ரிப்போர்ட்டு கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

அந்த நர்ஸம்மா முன்ன ஒரு தடவை என்னை வழியில மடக்கிச் சொல்லியிருந்துச்சு, இந்த வருஷம் ஊர்ல ரெண்டு பேருக்குக் கலைஞ்சிருச்சுன்னு. அன்னைக்கு நான் என்ன கணக்குப் போட்டேன்னா, ஊர்ல எத்தனை பேரு பிள்ளை பெக்கிறாங்க, அதுல ரெண்டு பேருன்னா ஒண்ணுமே இல்லை. பிளக்ஸ்ல போட்டாக் கூட நல்லாத்தான் இருக்கும். ஆனா செவ்வந்தி ஒருத்திதானே தம்பி. அவளை எதுல வகுக்கறது?

குடிக்காதேம்மான்னேன். ஏன்பான்னா. சும்மாத்தான்னேன். என் பொண்ணுல்ல, விடுவாளா? அவ அம்மா மாதிரி பிடிவாதம்.

"காரணம் சொல்லுங்கப்பா. காரணம் இருந்தா ஊருக்கே சொல்லுங்க. எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேரு முழுகாம இருக்காங்க, அவங்களும் இதைத்தான் குடிக்கிறாங்க. நான் மட்டும் எப்படி நிறுத்துறது?"

நான் கேள்வி கேட்டுப் பாத்தேன். காவிரித் தண்ணி எப்படிம்மா இனிக்குதுன்னு கேட்டேன். காரணத்தைச் சொல்லுங்கப்பான்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டா. சிக்னல் இல்லைன்னு போனை வச்சுட்டேன். சிக்னல் உண்மையிலேயே ஒரு கோடுதான் இருந்துச்சு.

ஒரு நாள் மனசு கேக்காம நேரா அழகம்மாள்கிட்டயே போனேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையா முழுசையும் நானே சொன்னேன். பாதி இல்லை, முழுசு. சம்பந்தியம்மா, அந்தத் தண்ணி நல்லதில்லை, கம்பெனிக் கழிவு இறங்கியிருக்குன்னேன். சொல்லி முடிச்சதும் எனக்கே உடம்பு லேசான மாதிரி இருந்துச்சு. அந்தம்மா என்னைக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்துச்சு. அப்புறம் உள்ள போய்த் தலைவரைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பேரும் வாசல் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பி வச்சாங்க. மறுநாள் பாத்தா கிணத்துக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டுத் தொங்குது. சாவி தலைவர் இடுப்புல. என்னன்னு விசாரிச்சா, கம்பெனிக்காரன் நம்ம தண்ணியைப் பாட்டில்ல அடைச்சு விக்கப் பாக்கறான், அதான் சம்பந்தியை விட்டு நம்மளைக் குடிக்க வேண்டாம்னு சொல்ல வைக்கிறான், பாவம் அவரு சம்பளத்துக்கு வேலை பாக்கற மனுஷன், என்ன செய்வாருன்னு ஊர் பூராப் பேச்சு. முன்னாடி ரெண்டு சொம்பு குடிச்சவங்க அன்னையிலேருந்து மூணு சொம்பு.

அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுக்கிட்டேன். உண்மையைச் சொல்றது நம்ம தொழில் இல்லை. அதுக்குப் பழக்கம் வேணும்.

ஒரு தடவை நாலு கேன் தண்ணி வாங்கி அனுப்பிப் பாத்தேன். எங்க வீட்டுத் தண்ணி உங்க பொண்ணுக்கு ஆகாதான்னு அழகம்மாளுக்கு ரோஷம் வந்துருச்சு. நாலு கேனையும் மாட்டுக்கு ஊத்திட்டாங்க. தாதனூர்லயே நல்ல தண்ணி குடிச்சது அந்த ரெண்டு மாடுதான்.

அப்புறம்தான் நம்ம பழைய வழிக்கு வந்தேன். வளைகாப்பு முடிஞ்சா பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பித்தானே ஆகணும்? அவங்க ஒன்பதாம் மாசம்தான்னு நின்னாங்க. நான் சண்டை போடலை. தாம்பூலத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு, இப்ப ஏழாம் மாசம் வைகாசி, அப்போ ஒன்பதாம் மாசம் என்ன மாசம் சம்பந்தியம்மான்னு கேட்டேன். அந்தம்மா விரல் விட்டு எண்ணுச்சு. "ஆடியில்ல வருது"ன்னு நெஞ்சுல கை வச்சுக்கிச்சு. நீங்களே சொல்றீங்கன்னேன். வைகாசியிலேயே வச்சாச்சு.

நாளன்னைக்கு வளைகாப்பு. கோமதியும் சொந்தக்காரங்களும் வேன்ல வர்றாங்க. நான் முன்கூட்டியே போறேன். இன்னைக்கு, நாளைக்கு, நாளன்னைக்கு மத்தியானம் வரைக்கும் அவ குடிக்க இந்த இருபது லிட்டர் தாராளம். மஞ்சளும் மாலையும் எதுக்குன்னு இப்பப் புரியுதா? இதை மாட்டுக்கு ஊத்த முடியாது. பக்திமான் சம்பந்தி மாலை போட்டுத் தூக்கிட்டு வந்தா, பொண்ணு வாயில இதைத் தவிர வேற சொட்டுத் தண்ணி படக் கூடாதுன்னு அழகம்மாளே சட்டம் போட்டுரும். நான் வாயைத் தொறக்கவே வேண்டாம். நாளன்னைக்கு ராகு காலத்துக்கு முன்னாடி பொண்ணைக் கூட்டிக்கிட்டு இந்த ஊர் எல்லையைத் தாண்டிட்டேன்னா, அப்புறம் எனக்கு இந்த ஊரைப் பத்திக் கவலை இல்லை.

எப்படி நம்ம ஏற்பாடு?

என்ன தம்பி, சிரிப்பையே காணோம். இவ்வளவு நேரம் நல்லாக் கேட்டுக்கிட்டு வந்தீங்க.

என்னது? தண்ணி நல்லதா கெட்டதா, ஒத்த வார்த்தையில சொல்லணுமா? அதெல்லாம் ஒத்த வார்த்தையில சொல்ற விஷயம் இல்லை. நீங்க எதுக்கு அதைப் போய்... மேலத்தெருவா? தாதனூர் மேலத்தெருவா? சம்சாரம் அந்த ஊரா. எட்டாம் மாசம். வளைகாப்பு முடிச்சுப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகுதா. ஓகோ.

அப்போ இந்தக் காலி கேனு? உங்க அம்மாவுக்கு. ரத்தம் கம்மின்னு டாக்டர் சொன்னாரா. உங்க மாமியாரு, எங்க ஊர்த் தண்ணி எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளைன்னு சொன்னாங்களா. பெரிய ஆபீசர் ஒருத்தர் வந்து சொன்னாருன்னு சொன்னாங்களா.

பாருங்க, நத்தத்துல இருந்து பேசிக்கிட்டு வர்றேன், நீங்க எங்க போறீங்கன்னு உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கலை நான்.

கெட்டதுதான் தம்பி.

சொல்லிட்டேன்ல, கெட்டது. அந்தக் கையைச் சட்டையில இருந்து எடுங்க, எல்லாரும் பாக்கறாங்க. என்ன? வந்து சொல்லணுமா? மேலத்தெரு முக்குல நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி, அந்த ரிப்போர்ட்டுல இருந்ததையும் சேத்து? சொல்லுவேன் தம்பி, சொல்ல மாட்டேன்னு சொல்லலை. நாளன்னைக்கு வரைக்கும் பொறுங்க. இப்பச் சொன்னா வளைகாப்பு நின்னுரும். என் பொண்ணு வீடு வந்து சேந்துரட்டும், அப்புறம் நானே பக்குவமா ஒரு கேள்வி கேட்டு... ரெண்டு நாளுதானே? ஒரு மாசமாக் குடிச்சதுல ரெண்டு நாள் கூடுனா என்ன ஆயிரப் போகுது?

அப்படிப் பாக்காதீங்க.

எந்திரிச்சுட்டீங்களே. மேலத்தெருவுக்கு விலக்குலயே இறங்கணுமா? சரி, பாத்துப் போங்க. தம்பி, அது என்னோட கேனு. உங்களுது அந்தக் காலி கேன். தம்பி. இருபது லிட்டரை ஒத்தைக் கையில தூக்கிட்டீங்களே. வழி விடாதீங்கம்மா, யாரும் வழி விடாதீங்க, எதுக்கு எல்லாரும் கும்பிட்டு வழி விடுறீங்க? கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, அவரு என் கேனை எடுத்துக்கிட்டு இறங்குறாரு.

என்ன சொல்றீங்க? சாமி தீர்த்தம்தானே, யார் குடிச்சா என்னவா?

இல்லை கண்டக்டர். அது தீர்த்தம் இல்லைன்னு... அது வந்து... ஒண்ணும் இல்லை. போகட்டும். வண்டியை எடுக்கச் சொல்லுங்க.

என்னம்மா? ஆமா, தலைவர் சம்பந்திதான். நீங்க தாதனூர்தானா. நெனச்சேன். அந்தத் தம்பியா? அது சம்சாரம் மாசமா இருக்கு. தீர்த்தத்தைத் தூக்கிக் குடுத்துட்டேனா? பெரிய மனசா? நான் எங்கம்மா குடுத்துட்டேன்னு சொன்னேன்? நீங்களே சொல்றீங்க.

இந்தக் காலி கேனா? இது என்னுது இல்லம்மா. இல்லை, அப்படி இல்லை. செவ்வந்தி எங்க வீட்டுக்கு வந்த பிறகும் ஊர்த் தண்ணியையே குடிக்கணும்னு நான் கேனோட வந்திருக்கேன்னு யாரு சொன்னா? நான் வாயே தொறக்கலையேம்மா. என்ன, ஒரு கேன் எப்படிப் பத்தும்னா? உங்க வீட்டுக்காரரு மதுரைக்கு மாங்கா லோடு அடிக்கிறாரா. வாராவாரம். வாசல்லயே கொண்டாந்து இறக்கிருவாரா. பிரசவம் வரைக்கும், பிள்ளை பெத்து அதுக்கப்புறமும். வேண்டாம்மா. அழகம்மாளுக்கு எதுக்குப் போன் போடுறீங்க? வைங்கம்மா அந்தப் போனை. நான் சொல்றதைக் கேளுங்க.

சொல்லியாச்சா.

அழுகுறாங்களா. சந்தோஷத்துலயா. சம்பந்தி மனசு யாருக்கு வரும்னு சொல்றாங்களா.

ஆமாம்மா, தொண்டை கட்டியிருக்கு. பேசிக்கிட்டே வந்தேன்ல. ஊர்க் கிணத்துத் தண்ணிதானா. வேண்டாம்மா, தண்ணி வேண்டாம். இன்னைக்கு விரதம். ஆமா, தண்ணிக்கு விரதம் கிடையாதுதான். பரவாயில்லை, பாப்பாவுக்கே குடுங்க. பாப்பா பேரு என்ன? எத்தனை வயசு? மூணா. எவ்வளவு பெரிய பாட்டிலைக் கையில பிடிச்சிருக்கு பாருங்க. தினமும் இதைத்தான் குடிக்குமா. பாலு குடிக்காட்டியும் இதைக் குடிச்சிருமா.

பாப்பா, இரு கண்ணு. குடிக்காதே. மூடியைப் போடு. சும்மாத்தான். ஏன்னா... ஏன்னா தாத்தாவுக்குத் தாகமா இருக்கு. அதைத் தாத்தாகிட்டக் குடு. பூராவும் குடு. அழக் கூடாது, தாத்தா உனக்கு இளநி வாங்கித் தர்றேன், ஒண்ணு இல்லை, ரெண்டு.

ம்.

முடிச்சாச்சு. ஒரு சொட்டு மிச்சமில்லை, பாருங்க, காலிப் பாட்டிலு.

எப்படி இருக்குன்னா கேக்கறீங்க? நான் ஒண்ணும் சொல்லலைம்மா. நான் ஒண்ணுமே சொல்லலை. ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? விரதத்தையே முறிச்சுக் குடிச்சுட்டாருன்னா சொல்றீங்க? எதுக்கும்மா எல்லாரும் பாட்டிலைத் தொறக்குறீங்க?